கல்யாணம் ஆகாத பெண்களைக் கனிவாகப் பார்க்கும் டாக்டர் சென்னையில் யார்?

அக்காக்களே, தோழிகளே, ஓ.எம்.ஆர் பக்கம் பி.ஜி.யில் தங்கி வேலை பார்க்கும் பெண்களுக்காகக் கேட்கிறேன். அவசரக் கருத்தடை மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. சீட்டு இல்லாமலே விற்கலாம் என்றிருந்தும் இங்கே மெடிக்கல்களில் பெரும்பாலும் கிடைப்பதில்லை. டாக்டரிடம் போனால் முதல் கேள்வியே "கல்யாணம் ஆயிடுச்சா?" அதற்குப் பயந்தே பிள்ளைகள் நாளைக் கடத்துகிறார்கள். எனக்கு அதுதான் பெரிய கவலை.

எச்.ஐ.வி பரிசோதனைக்கு அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம் இருக்கிறது. இலவசம், விவரம் வெளியே போகாது. மற்ற பால்வினைத் தொற்றுகளுக்கும் கருத்தடை ஆலோசனைக்கும் வேளச்சேரி, துரைப்பாக்கம் பக்கம் நம்பிப் போகக்கூடிய பெண் டாக்டர் யாராவது தெரியுமா? நீங்களே போய்ப் பார்த்தவராக இருந்தால் நல்லது. மாலை ஏழு மணிக்கு மேலும் பார்ப்பவர் என்றால் பெரிய உதவி. இங்கே சொல்லத் தயக்கமென்றால் இன்பாக்ஸில் அனுப்புங்கள்.