அலுவலக வேலையோடு பூ வியாபாரம்: எந்த வகை ஒத்துவரும்?

கேள்வி: வில்லுக்குறி மருமகள்

அனைவருக்கும் வணக்கம். நாகர்கோவிலில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். காலை ஒன்பதரை மணிக்கு இருக்கையில் இருந்தாக வேண்டும். வெளியே வர மாலை ஆறு ஆகிவிடும். சனிக்கிழமை மட்டும் மதியத்தோடு வேலை முடியும், ஞாயிறு விடுமுறை. என் மாமியாருக்கு இளவயது முதலே பூக் கட்டிப் பழக்கம். சரமும் மாலையும் அக்கம்பக்கத்து விசேஷங்களுக்குக் கட்டிக்கொடுக்கிறார். பெரும்பாலும் நூலுக்கு ஆன செலவைக்கூட அவர் கேட்டு வாங்குவதில்லை. அவருடைய கைத்திறனையும் என் கணக்கறிவையும் சேர்த்து ஒரு சிறு தொழிலாக நடத்தலாமே என்று தோன்றுகிறது. கையிருப்பு நாற்பதாயிரம் ரூபாய். வேலையை விடும் உத்தேசம் இப்போதைக்கு இல்லை.

தோவாளைப் பூச்சந்தையில் உதிரிப்பூ வாங்கிச் சரமாகக் கட்டி வீடுகளுக்கும் கடைகளுக்கும் நாள்தோறும் கொடுப்பது நல்லதா, அல்லது திருமண மாலை, ஆலய அலங்காரம் போன்ற ஆர்டர்களை மட்டும் எடுப்பது நல்லதா? பூக்களை வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக் காப்பாற்ற முடியுமா? அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்ல வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில்: தோவாளைச் சந்தைக்காரன்

தங்கைக்கு வணக்கம். தோவாளையில் நீண்ட காலம் கமிஷன் கடையில் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். முதலீட்டைப் பிறகு பார்க்கலாம். முதலில் நேரத்தைக் கணக்கிடுங்கள். விடிவதற்கு முன்பே சந்தை கூடிவிடும். ஆரல்வாய்மொழி, காவல்கிணறு, பழவூர் பக்கத்துப் பிச்சியும் மல்லிகையும், ஓசூர், பெங்களூரு பக்கத்து ரோஜாவும், சேலத்து அரளியும், மதுரை, திண்டுக்கல் பூக்களும் வந்து இறங்க, திருவனந்தபுரத்து வியாபாரிகள் தங்களுக்கு வேண்டியதை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். வெயில் ஏறிய பிறகு வருகிறவருக்குக் கிடைப்பது மிச்சப் பூதான். அதன் விலை குறைந்திருக்கும், ஆயுளும் குறைந்திருக்கும்.

பிச்சியையும் மல்லிகையையும் மொட்டாகத்தான் பறிக்கிறார்கள். காலையில் பறித்த மொட்டு அன்று மாலையில் விரியும். மறுநாள் அதை யாரும் தலையில் வைக்க மாட்டார்கள். ஆகவே அந்தப் பூவைக் கட்டி விற்க வேண்டிய பொழுதும், நீங்கள் அலுவலகத்தில் அமர்ந்திருக்கும் பொழுதும் ஒன்றாகவே இருக்கின்றன. உங்கள் மாமியார் வீட்டில் இருந்து கட்டலாம் என்றாலும், கட்டியதைக் கொண்டுபோய்க் கொடுக்கவும் பணம் வாங்கவும் இன்னொருவர் வேண்டும். அவருக்குக் கூலி கொடுத்தால் அன்றாடச் சரத்தில் கிடைக்கும் சிறு லாபம் அதோடு போய்விடும். நாள்தோறும் உதிரிப்பூ என்பதை நீங்கள் எடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

ஆர்டர்களை மட்டும் எடுப்பதாக இருந்தாலும் சந்தையின் போக்கு தெரிந்திருக்க வேண்டும். இங்கே ரோஜா பாக்கெட்டாகவும், தாமரை எண்ணிக்கையாகவும், பச்சை இலை கட்டாகவும், பிச்சி, மல்லிகை, அரளி, சம்பங்கி, கிரேந்தி என்னும் செண்டுமல்லி, வாடாமல்லி எல்லாம் கிலோவாகவும் விலை போகின்றன. மார்கழிப் பனியில் மல்லிகை வரத்து குறையும். அதன் மேல் தைப் பொங்கலும் முகூர்த்தமும் சேர்ந்தால் கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டுவது புதிதல்ல. அதே பூ கோடையில் வாங்க ஆளில்லாமல் கிடந்த நாட்களும் உண்டு. ஓணத்தின்போது அத்தம் முதல் திருவோணம் வரை பத்து நாட்கள் கிரேந்தியும் வாடாமல்லியும் அரளியும் கேரளத்தை நோக்கியே போகும். இப்போது அங்கேயே குடும்பஸ்ரீ சுயஉதவிக் குழுப் பெண்கள் செண்டுமல்லி பயிரிடுகிறார்கள். ஆனாலும் அந்த நாட்களில் இங்கே விலை நிலையாக இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. ஆகவே மூன்று மாதத்துக்குப் பிந்தைய திருமணத்துக்கு இன்றைய விலையை வைத்துத் தொகை பேசுவது ஆபத்து.

நம்பிக்கையான ஒரு கடையைப் பிடித்துக்கொண்டு, முதல் நாள் மாலையே தேவையைத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். கணக்கை அன்றன்றே தீர்த்துவிடுங்கள். நிலுவை வைக்காதவருக்குத் தட்டுப்பாடு உள்ள நாளிலும் பூ எடுத்து வைப்பார்கள். பையில் கையை விட்டுப் பார்த்து வாங்குங்கள்: நனைத்த பூ எடையில் நிற்கும், கட்டிய மாலையில் நிற்காது.

மாமியார் கைதேர்ந்தவர் என்பதால் இதையும் சொல்லிவைக்கிறேன். தோவாளை மாணிக்க மாலைக்கு 2025இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு பலரும் அதையே கேட்கிறார்கள். செவ்வரளியையும் வெள்ளை அரளியையும் நொச்சி இலையையும் மடித்துப் பாய் போலப் பின்னும் அந்த வேலை எங்கள் ஊரில் குடும்பம் குடும்பமாகக் கற்றுவந்தது. கற்றுக்கொள்ளாமல் ஆர்டரை ஒப்புக்கொள்ள வேண்டாம். கேட்பவர்களுக்கு இங்கேயே கட்டி வாங்கிக் கொடுங்கள்.

பதில்: மார்த்தாண்டம் பீட அலங்காரம்

நானும் கல்லூரி அலுவலகம் ஒன்றில் பணிபுரிந்துகொண்டே வார இறுதியில் கிறிஸ்தவ ஆலய அலங்காரம் செய்து வருகிறேன். சந்தைக்கார அண்ணன் சொன்ன நேரக் கணக்கு சரியானது. அதனால்தான், நம் மாவட்டத்தில் அலுவலக வேலை பார்ப்பவருக்கு மிகவும் ஒத்துவரும் பூ வேலை, ஞாயிறு ஆராதனைக்காகப் பலிபீடத்தை மலர்களால் அலங்கரிக்கும் பீட அலங்காரம் என்று சொல்வேன். அதைச் சனிக்கிழமை மாலையில்தான் செய்ய வேண்டும், உங்களுக்கோ சனிக்கிழமை மதியமே வேலை முடிகிறது. ஊருக்கு ஊர் ஆலயங்கள் இருக்கின்றன. பல இடங்களில் அன்பியங்கள் என்னும் பங்குக் குழுக்களும் பெண்கள் சங்கங்களும் முறை வைத்துப் பூச்செலவை ஏற்கிறார்கள். ஓர் இடத்தில் வேலை பிடித்துவிட்டால் அங்கே வருகிறவர்களே பிறகு நிச்சயதார்த்தத்துக்கும் புதுநன்மை என்னும் முதல் நற்கருணை விழாவுக்கும் உங்களைக் கூப்பிடுவார்கள். விளம்பரத்துக்கு நான் பணம் செலவழித்ததே இல்லை.

ஆனால் ஆலய நாட்காட்டியை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். கத்தோலிக்க ஆலயங்களில் ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களான தவக்காலத்தில் பீடத்தை மலர்களால் அலங்கரிப்பதில்லை. அதன் நான்காம் ஞாயிறும் இடையில் வரும் பெருவிழாக்களும் விழாக்களும் மட்டுமே விதிவிலக்கு. அந்த வாரங்களில் வருமானம் நின்றுபோய், உயிர்ப்புப் பெருவிழாவான ஈஸ்டருக்கு எல்லா ஆலயங்களும் ஒரே இரவில் அழைக்கும். நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாள். அன்று அலங்காரத்தைவிட உதிரிப்பூவும் சிறு மலர்வளையமும்தான் விற்கும். டிசம்பர் தொடக்கத்தில் கோட்டாறு சவேரியார் திருவிழா, அதன் பின் கிறிஸ்துமஸ் என்று மாதம் முழுவதும் ஓய்வு இருக்காது. ஊர்த் திருவிழாக்களின் கொடியேற்ற நாட்களையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு உதிரிப்பூவை விடத் தண்டுப்பூவே அதிகம் வேண்டும்: ரோஜா, ஜெர்பரா, கிளாடியோலஸ், லில்லி, இடையில் நிரப்ப ஜிப்சி என்னும் சிறு வெள்ளைப் பூவும் பச்சை இலையும். நீண்ட தண்டு ரோஜா பெரும்பாலும் இருபது தண்டுகள் கொண்ட கட்டாக வரும். வந்தவுடன் அடி இலைகளை நீக்கி, தண்டின் நுனியைச் சாய்வாக வெட்டி, உடனே சுத்தமான தண்ணீரில் நிறுத்த வேண்டும். வெட்டிய நுனி காய்ந்துவிட்டால் பிறகு எவ்வளவு தண்ணீர் வைத்தாலும் தலை தொங்கும். பூச் செருகும் பஞ்சுக் கட்டியை வாளித் தண்ணீரில் மிதக்கவிட்டு, அது தானாக மூழ்கும் வரை காத்திருங்கள். கையால் அமுக்கினால் உள்ளே காற்று தங்கிவிடும். மேலே ஈரமாகத் தெரிந்தாலும் அந்த இடத்தில் செருகிய பூ ஆராதனை முடிவதற்குள் வாடிவிடும்.

குளிர்சாதனப் பெட்டியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ரோஜாவும் மல்லிகை மொட்டும் குளிரைத் தாங்கும். மொட்டின் மேல் தண்ணீர் தெளிக்காமல், வாழையிலையிலோ ஈரத்துணியிலோ சுற்றிக் கீழ்த்தட்டில் வையுங்கள். அதே பெட்டியில் வாழைப்பழமும் ஆப்பிளும் இருக்கக் கூடாது. பழுக்கும் கனிகள் வெளிவிடும் எத்திலீன் வாயு பூவை முதுமையாக்கிவிடும். ஆந்தூரியத்தையும் ஆர்க்கிடையும் உள்ளேயே வைக்காதீர்கள். அவை வெப்ப நாட்டுச் செடிகள் என்பதால் குளிரில் கருத்துப்போகும். ஆந்தூரியம் நிழல்வலைக்குள் நம் மலையோரத்திலேயே நன்றாக வளரும் செடி. பிற்காலத்தில் வளர்க்கும் எண்ணம் வந்தால் பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். தோவாளையிலும் வேளாண் பல்கலைக்கழகத்தின் மலர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

நாற்பதாயிரத்தில் பாதிக்கு மேல் பொருட்களில் போடாதீர்கள். வாளிகள், கத்தரி, சில தாங்கிகள், பஞ்சுக் கட்டிகள் போதும். ஆலயங்களில் பணம் மாதக் கடைசியில்தான் வரும். சந்தையிலோ அன்றே கொடுக்க வேண்டும். அந்த இடைவெளியைத் தாங்குவதற்குத்தான் மீதிப் பணம்.

பதில்: நாகர்கோவில் கணக்கர்

அலுவலகம் தொடர்பான கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். நீங்கள் தனியார் ஊழியர் என்பதால் உங்கள் நியமன ஆணையில் வேறு தொழில் செய்யக் கூடாது என்ற நிபந்தனை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் எழுத்துமூலம் அனுமதி கேளுங்கள்; வாய்மொழி அனுமதியை நம்ப வேண்டாம். இதைப் படிக்கும் அரசு ஊழியர்களுக்குத் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973 பொருந்தும். முன் அனுமதியின்றி அவர்கள் வியாபாரத்தில் ஈடுபட முடியாது. மாமியார் பெயரில் நடத்துவதானால் பெயரளவில் மட்டும் இருக்கக் கூடாது. வங்கிக் கணக்கும் ரசீதும் அவர் பெயரில் இருந்து, பணமும் உண்மையிலேயே அவரிடம் போக வேண்டும்.

புதிய பூவுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி இல்லை. அலங்காரம் சேவையாகக் கருதப்படும் என்றாலும், ஆண்டு வரவு இருபது லட்சத்தைத் தாண்டும் வரை பதிவு தேவைப்படாது. உங்கள் பெயரில் தொழில் வருமானம் வந்தால், வருமான வரிக்குச் சம்பளக்காரர்கள் தாக்கல் செய்யும் முதல் படிவம் (ITR-1) உங்களுக்குப் பொருந்தாது என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

பதில்: தக்கலை அக்கா

உதிரிப்பூ வேண்டவே வேண்டாம் என்று சந்தைக்கார அண்ணன் சொல்வதை நான் முழுமையாக ஏற்கவில்லை. நாள்தோறும் என்பதை விட்டுவிட்டு, செவ்வாய், வெள்ளி ஆகிய இரண்டு நாட்களுக்கு மட்டும் பூஜைப் பூ கேட்கும் வீடுகள் எங்கள் தெருவிலேயே பல இருக்கின்றன. மாதத் தொடக்கத்தில் பணத்தை வாங்கிக்கொண்டு, முதல் நாள் மாலை துளசி, அரளி, கிரேந்தி ஆகியவற்றைப் பொட்டலமாகக் கதவில் மாட்டிவிட்டு வந்தால் போதும். இவை பிச்சியைப் போல ஒரே மாலைப்பொழுதில் முடிந்துபோகும் பூக்கள் அல்ல. ஆவணி ஞாயிறுகளில் நாகராஜா கோயிலுக்குப் போகிறவர்களும் முதல் நாளே கேட்பார்கள். வருமானம் பெரிதாக இருக்காது. ஆனால் தவக்காலத்தில் ஆலய வேலை நிற்கும்போது கை காய்ந்துபோகாது. ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன், மக்களே: உடன் வேலை பார்ப்பவர்களிடம் விற்காதீர்கள். அவர்களிடம் கடனைத் திருப்பிக் கேட்கவும் முடியாது, முகம் பார்க்காமல் இருக்கவும் முடியாது.

கேள்வி கேட்டவர்: வில்லுக்குறி மருமகள்

அனைவருக்கும் மிக்க நன்றி. நியமன ஆணையை எடுத்துப் பார்த்தேன். நிறுவனத்தின் தொழிலோடு போட்டியிடும் வேலை கூடாது என்றுதான் இருக்கிறது. ஆயினும் மேலாளருக்குக் கடிதம் கொடுக்கிறேன். பீட அலங்காரத்தையும் செவ்வாய், வெள்ளிப் பொட்டலத்தையும் தொடங்கலாம் என்று மாமியாரும் நானும் முடிவு செய்திருக்கிறோம். ஆனால் அவருக்கு மிகவும் விருப்பமானது திருமண மாலைதான். முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்து வருவதில்லையே. வார நாள் திருமணங்களை எப்படிச் சமாளிப்பது? விலை எப்படிச் சொல்வது?

பதில்: மார்த்தாண்டம் பீட அலங்காரம்

வார நாளில் மாலையை மட்டும் எடுங்கள், மேடை அலங்காரத்தை எடுக்காதீர்கள். அரளி, சம்பங்கி, ரோஜா மாலைகளை முந்தைய இரவே கட்டி ஈரத்துணியால் மூடி வைக்கலாம். விடியற்காலையில் ஆட்டோவில் கொடுத்துவிட்டு வந்தாலும் ஒன்பதரைக்கு அலுவலகத்தில் இருப்பீர்கள். மேடை என்றால் அதைப் பிரித்து எடுத்து வரும் வரை அங்கே ஒருவர் நிற்க வேண்டும். மரண வீட்டு மலர்வளையம் முன்னறிவிப்பு இல்லாமல் வரும் வேலை. மாமியார் ஒருவரால் முடிந்தால் மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள்.

விலைக்கு ஓர் உத்தேசக் கணக்கு சொல்கிறேன். ஒரு ஜோடி மாலைக்குப் பூ 900 ரூபாய் என்றால், கழிவுக்கு 90, நாரும் சரிகையும் 100, வண்டி 150, மாமியாரின் கூலி 500 என்று 1740 ரூபாய் அடக்க விலையே ஆகிவிடுகிறது. வீட்டில் கட்டுபவர்கள் கூலியை எழுதாமல் விட்டுவிட்டு 1500க்கு ஒப்புக்கொண்டு, லாபம் வந்ததாக நினைத்துக்கொள்வார்கள். மாமியாரின் கூலியை முதல் நாளிலிருந்தே நோட்டில் எழுதி அவர் கையில் கொடுத்துவிடுங்கள். முன்பணம் பூவின் விலைக்குக் குறையாமல் இருக்கட்டும். ரசீதில் “பூ விலை அன்றைய சந்தை நிலவரப்படி” என்று எழுதுங்கள். அதற்கு ஒப்புக்கொள்ளாதவரிடம், மல்லிகை விலை ஏறினால் சம்பங்கி சேர்க்கப்படும் என்றாவது எழுதி வாங்குங்கள்.

ஆடியில் திருமணங்கள் குறைவு என்பதால் அந்த மாதத்தை மாலை கட்டிப் பழகவும், கடையோடு பழகவும் வைத்துக்கொண்டு ஆவணியில் ஆர்டர் எடுக்கலாம். ஆனால் அதே ஆவணியில் ஓணமும் வருவதால், அத்தம் தொடங்கிய பிறகு புதிதாகக் கேட்டு வருகிறவர்களுக்கு, ஏற்கெனவே ஒப்புக்கொண்ட மாலைகளுக்கான பூவைக் கடைக்காரர் உறுதி செய்த பின்னரே பதில் சொல்லுங்கள்.