கடனுக்காக ஒரு கல்யாணம்: வட ஆற்காட்டுப் பின்னணியில் எழுதும் சரித்திரக் காதல் கதைக்கு யோசனை தேவை

பாலாற்றங்கரை (காட்பாடி):

அனைவருக்கும் வணக்கம். தொடராக வெளியிடலாம் என்று ஒரு சரித்திரக் காதல் கதையை எழுதத் தொடங்கி, மூன்றாம் அத்தியாயத்தோடு நின்றுபோயிருக்கிறேன். ஆங்கிலத்தில் இவ்வகைக் கதைகளை உங்களில் பலர் படித்திருப்பீர்கள். பட்டமும் மாளிகையும் இருந்தும் கையில் காசில்லாத பிரபு ஒருவர் பணக்கார வியாபாரியின் மகளை மணந்துகொள்வார். காதல் பின்னால் மெல்ல வந்து சேரும். அதை நம் ஊர் மண்ணில் நட்டுப் பார்க்க ஆசைப்பட்டேன்.

என் கதை 1860இல் நடக்கிறது. ஆரணிக்கும் போளூருக்கும் இடையே ஒரு கற்பனை ஜமீன். பெரிய ஜமீன்தாரின் கருமாதி முடிந்த மறுநாள் மகன் தந்தையின் மரப்பெட்டியைத் திறக்கிறான். நகைகள் இருக்கும் என்று நினைத்த இடத்தில் கடன் பத்திரங்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. வேறு வழியின்றி, ராணிப்பேட்டையில் தோல் வியாபாரம் செய்யும் செல்வந்தரின் இருபது வயது மகளை மணக்கிறான். சீதனம் வருகிறது, கடன் அடைகிறது, அதன் பிறகு இருவரும் ஒரே வீட்டின் இரண்டு கட்டுகளில் அந்நியர்களைப் போல வாழ்கிறார்கள்.

இதைப் படித்த என் தங்கை, "மூணாவது அத்தியாயத்துலயே கடன் தீந்துபோச்சே, மிச்சம் பதினேழு அத்தியாயம் எதுக்குக்கா?" என்று கேட்டுவிட்டாள். அந்தப் பதினேழு அத்தியாயங்களையும் ஒரு விஷக் காய்ச்சல், ஒரு பாம்புக்கடி, ஒரு சித்தியின் சூழ்ச்சி ஆகியவற்றைக் கொண்டு நிரப்புவதாக இருந்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். இப்படி ஒரு கல்யாணம் அந்தக் காலத்தில் நம் பக்கத்தில் நடந்திருக்கக்கூடியதுதானா? நடந்திருக்குமானால், கடன் தீர்ந்த பிறகு கதையை எது இழுத்துச் செல்லும்?

பழைய குமாஸ்தா (திருப்பத்தூர்):

அம்மா, நாற்பது ஆண்டுகள் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன் என்பதால் கதையைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. பத்திரங்களைப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் கதையில் மூன்று இடங்கள் இடிக்கின்றன.

முதலாவது வயது. 1860இல் வசதியான இந்துக் குடும்பம் ஒன்றில் இருபது வயதுப் பெண் கல்யாணமாகாமல் இருந்தால், ஊர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லவே உங்களுக்கு நான்கு அத்தியாயம் தேவைப்படும். பெண்ணுக்குப் பதினான்கு வயதாவது ஆக வேண்டும் என்ற சாரதா சட்டமே 1930 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. இரண்டாவது சாதி. ஜமீன் வீடுகள் பணத்துக்காகப் பெண் எடுத்தாலும் தங்கள் சாதிக்குள்தான் எடுத்தன. வெளியே போனால் அந்தக் கல்யாணம் செல்லுமா என்பதே ஒரு வழக்காகியிருக்கும், சொத்துக்குக் காத்திருக்கும் பங்காளிகள் அதை விடவும் மாட்டார்கள். ஆகவே கதையை 1934க்குக் கொண்டுவாருங்கள். பெண்ணின் தகப்பனார் அதே சாதியில் மணிலாக்கொட்டை மண்டி வைத்திருந்தவராகவும், 1929இல் விலை சரிவதற்கு முன்பே மண்டியை மூடிக் கையில் ரொக்கத்தோடு உட்கார்ந்துவிட்டவராகவும் இருக்கட்டும். நாயகன் பெரிய ஜமீன்தாராக இருக்க வேண்டாம். எங்கள் திருப்பத்தூர்ப் பக்கத்து மிட்டாதாராக, அதாவது சிறு ஜமீன்தாராக, வைத்துக்கொள்ளுங்கள். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

மூன்றாவதுதான் முக்கியம். சீதனம் வந்தது, கடன் அடைந்தது என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். இந்து தர்ம சாஸ்திரப்படி அக்னி முன்பு கொடுத்ததும், ஊர்வலத்தில் கொடுத்ததும், தாய் தந்தையரும் உடன்பிறந்தாரும் அன்பாகக் கொடுத்ததும் பெண்ணுக்கே உரிய ஸ்திரீதனம். கணவன் அதில் கைவைக்க முடியாது. பஞ்சம், தர்ம காரியம், நோய், சிறைப்பட்ட நிலை ஆகிய நான்கு சமயங்களில் மட்டும் கணவன் அதை எடுத்துக்கொள்ளலாம், எடுத்ததைத் திருப்பித் தர வேண்டிய கட்டாயமும் இல்லை என்று யாக்ஞவல்கிய ஸ்மிருதி சொல்கிறது. அந்த நான்காவதைப் பாருங்கள். கடன் கொடுத்தவன் கோர்ட்டில் டிகிரி (தீர்ப்பாணை) வாங்கி, கைது வாரண்டோடு கோர்ட் சேவகரான அமீனாவை அனுப்பி, மாப்பிள்ளையைச் சிவில் ஜெயிலில் வைக்கிறான் என்று எழுதினால், அந்த நொடியில்தான் அவனுக்கு மனைவியின் நகை மீது உரிமை பிறக்கிறது. அதற்கு முன்பு அவன் அவளிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். தகப்பன் பட்ட கடனை மகன் தீர்க்க வேண்டும் என்பது அக்காலச் சட்டம். ஆனால் சூதாட்டம், குடி, கூத்தி என்று தவறான வழியில் பட்ட கடன் மகனைக் கட்டுப்படுத்தாது. உங்கள் நாயகன் வேலூர் கோர்ட்டில் கூண்டேறி, "என் தகப்பனார் இன்னின்ன காரியத்துக்குத்தான் வாங்கினார்" என்று சாட்சி வைத்து நிரூபித்தால் பாதிக் கடனிலிருந்து கழன்றுகொள்ளலாம். இறந்தவரின் பெயரை ஊர் நடுவே அவிழ்ப்பதா, முகம் பாராத பெண்ணின் கழுத்தில் தாலி கட்டுவதா? அவன் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தான் என்பது அவளுக்குப் பத்தாவது அத்தியாயம் வரை தெரிய வேண்டாம்.

மிட்டாதார் ஏன் என்றால், 1938இல் ராஜாஜி மந்திரிசபை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. 1932 அக்டோபருக்கு முந்தைய கடன்களில் 1937 அக்டோபர் 1 வரை நின்ற வட்டி முழுவதும் ரத்து. அசலைப் போல் இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்ததாகக் கணக்கு. அரசுக்கு 500 ரூபாய்க்கு மேல் பேஷ்குஷ் (ஜமீன் நிலத்துக்கான வரி) கட்டும் எஸ்டேட்காரர்களுக்கு அந்தச் சலுகை இல்லை, அதற்குள் இருந்த சிறிய மிட்டாக்களுக்கு உண்டு. நான்கு ஆண்டு பொறுத்திருந்தால் இந்தக் கல்யாணமே தேவைப்பட்டிருக்காது என்பதை இருவரும் ஒரே நாள் பத்திரிகையில் படிக்கிறார்கள் என்று எழுதிப் பாருங்கள்.

நாவல்பித்து (குடியாத்தம்):

குமாஸ்தா ஐயா சொன்னதற்கு ஆங்கிலப் பக்கத்திலிருந்து ஒரு சாட்சியம் தருகிறேன். இங்கிலாந்தில் மணமான பெண்களின் சொத்துரிமைச் சட்டங்கள் 1870இலும் 1882இலும் வரும் வரை, மனைவியின் ரொக்கமும் நகையும் கல்யாணத்தோடு கணவனுடையதாகிவிடும். விவரமறிந்த தகப்பன்மார் வக்கீலை வைத்து மகளின் பெயரில் தனி அறக்கட்டளை எழுதித் தப்பித்துக்கொண்டார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் பொது விதி அதுதான். தேவாலயத்தின் வாசலிலேயே பணம் கைமாறிவிடுவதால், அந்தக் கதைகளை எழுதுபவர்கள் பிறகு வாரிசு, விருந்து, பழைய காதலி என்று வேறு எதையாவது தேடிப் போக வேண்டியிருக்கிறது. கதையை இறக்குமதி செய்தபோது அந்நாட்டுச் சட்டத்தையும் சேர்த்து இறக்கிவிட்டீர்கள். உங்கள் தங்கை பிடித்தது அதைத்தான்.

நிஜத்தில் நடந்தவை கதைகளைப் போல இனிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்க ரயில்வே கோடீஸ்வரர் வீட்டுப் பெண்ணான கான்சுவேலோ வாண்டர்பில்ட், தாயின் கட்டாயத்தால் 1895இல் மார்ல்பரோ கோமகனை மணந்தார். மாப்பிள்ளைக்குக் கிடைத்தது 25 லட்சம் டாலர் மதிப்புள்ள ரயில்வே பங்குகள். கோமகனின் பிளெனிம் அரண்மனை பிழைத்தது, கல்யாணம் பிழைக்கவில்லை. 1921இல் விவாகரத்து ஆயிற்று. ஆகவே காதல் தானாக வந்துவிடும் என்று நம்பி எழுதாதீர்கள், அதற்கு ஒரு காரணம் வேண்டும்.

வாணியம்பாடிக்காரி:

எல்லோரும் சேர்ந்து தோல் வியாபாரியைக் கதையை விட்டே துரத்திவிட்டீர்களே! அவரை என்னிடம் கொடுங்கள் அக்கா, வேறொரு கதை சொல்கிறேன். எங்கள் பக்கத்துத் தோல் ஷாப் முதலாளிகள் பெரும்பாலும் தமிழ் பேசும் முஸ்லிம்கள். முதல் உலகப் போரில் பட்டாளத்துக்குப் பூட்ஸ் தைக்கத் தோல் தேவைப்பட்டபோது இந்தத் தொழிலுக்கு நல்ல காலம் வந்தது. மறுபுறம், 1855இல் ஆற்காட்டு நவாபின் பட்டம் பறிபோன பிறகு, பென்ஷனையும் பழம்பெருமையையும் நம்பி வாழ்ந்த உறவுக் குடும்பங்கள் பல உண்டு. இந்த இரண்டு வீடுகளுக்கும் மதம் ஒன்று, ஆனால் பாஷை வேறு. மாப்பிள்ளை உருதுவில் கஜல் சொல்வான், பெண் "என்னங்க சொல்றீங்க?" என்பாள். அதிலேயே இரண்டு அத்தியாயம் ஓடிவிடும்.

பணத்தின் திசையும் இங்கே வேறு. மஹர் என்ற மணக்கொடையைப் பெண்ணுக்குக் கொடுக்க வேண்டியவன் மாப்பிள்ளை. நவாப் வீட்டுக் கௌரவத்துக்காகத் தன்னால் தர முடியாத தொகையை நிக்காஹில் எழுதிவிடுகிறான் என்று வையுங்கள். உடனே தர வேண்டிய மஹரைத் தரும் வரை கணவனோடு வாழ மறுக்கும் உரிமை ஷரீஅத்படி மனைவிக்கு உண்டு. மாமனாரின் பணத்தில் கடனை அடைத்தவன், மனைவிக்குத் தர வேண்டியதைத் தானே சம்பாதித்துத்தான் தர வேண்டும் என்று அவள் சொல்லிவிட்டால்? நவாப் பேரன் ஆம்பூரில் தோல் மூட்டைக்கு முன்னால் கணக்கெழுத உட்காரும் காட்சியை, நாற்றம் தாங்காமல் அத்தர் நனைத்த கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு அவன் தவிப்பதை, நான் இப்போதே பார்த்துவிட்டேன். நீங்கள் எழுதாவிட்டால் நானே எழுதிவிடுவேன்.

ஆரணிப் பட்டு:

சட்டம் எனக்குத் தெரியாது. எங்கள் பாட்டியின் நோட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது, அதைச் சொல்கிறேன். மாட்டுச் சந்தைக் கணக்கெழுதும் நீளமான நோட்டு அது. முதல் பக்கத்தில் அவர் கல்யாணத்துக்குப் போட்ட நகைகள் ஒவ்வொன்றும் சவரன் கணக்கோடு எழுதப்பட்டிருக்கின்றன: காசுமாலை, அட்டிகை, ஒட்டியாணம், நாகொத்து, இரண்டு ஜோடி கொலுசு. எதிரே சின்னச் சின்ன அடையாளங்கள். சேட்டுக் கடைக்குப் போன நகைக்கு ஒரு புள்ளி; மீண்டு வந்தால் அந்தப் புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம். ஒட்டியாணத்துக்கு எதிரே ஏழு புள்ளிகள் இருக்கின்றன, வட்டம் ஆறுதான். தாத்தா அந்த ஏழாவது புள்ளியைப் பற்றிச் சாகும் வரை பேசியதில்லை, பாட்டியும் கேட்டதில்லை, ஆனால் வருடாவருடம் ஆடி மாதத்தில் நோட்டை எடுத்துத் தூசி தட்டி அவர் கண்ணில் படும்படி ஊஞ்சலில் வைத்துவிட்டுப் போவார். எங்களுடையது ஜமீன் வீடு இல்லை, இரண்டு தறி போட்ட வீடு. இருந்தாலும் உங்கள் கதைக்கு உதவும் என்று தோன்றியது.

அப்புறம், ஆரணிப் பக்கத்தில்தான் கதை என்றால் பூசிமலைக்குப்பத்தில் இடிந்து கிடக்கும் ஜாகீர்தார் மாளிகையை ஒருமுறை நேரில் பாருங்கள். கூரை போன கூடத்துக்குள் செடி முளைத்திருப்பதைப் பார்த்தால் வர்ணனை தானாக வரும்.

பாலாற்றங்கரை (காட்பாடி):

எல்லோருக்கும் நன்றி. பாம்பையும் காய்ச்சலையும் நேற்றே நீக்கிவிட்டேன். சித்தி மட்டும் பாதி சம்பளத்தில் இருக்கிறார். கதை திருப்பத்தூர் மிட்டாவுக்கு, 1934க்கு மாறிவிட்டது. வாணியம்பாடித் தங்கையே, உங்கள் நவாப் பேரனை நான் தொடமாட்டேன், அவன் உங்களுக்கே.

இப்போது எனக்குத் தெளிவாகியிருப்பது ஒன்றுதான். கடனைத் தீர்க்க வேண்டியவன் ஒவ்வொரு தவணைக்கும் நடுக்கட்டைத் தாண்டி அவள் கதவருகே வந்து நின்று கேட்க வேண்டும். முதல் முறை அவன் கேட்கும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை, நிலைப்படியில் காய்ந்திருந்த மஞ்சளைப் பார்த்துக்கொண்டு கேட்டான் என்று எழுதியிருக்கிறேன். சிவில் ஜெயில் காட்சியில், சாஸ்திரப்படி திருப்பித் தர வேண்டியதில்லை என்று வக்கீல் சொல்லியும் அவன் கேட்காமல் அவள் பெயருக்குப் புரோநோட்டு (கடனுறுதிச் சீட்டு) எழுதித் தருகிறான். குமாஸ்தா ஐயா, கணவன் மனைவிக்கு எழுதும் நோட்டு செல்லுமா? அதை எப்படி எழுதுவார்கள்?

பழைய குமாஸ்தா (திருப்பத்தூர்):

தாராளமாகச் செல்லும் அம்மா. ஆயிரம் ரூபாய்க்கு மேல் என்றால் நாலணா ஸ்டாம்பு ஒட்டி, அதன் மேல் பாதி, தாளின் மேல் பாதியாகக் கையெழுத்து விழ வேண்டும். "கேட்கும்போது தங்களுக்கோ தங்கள் உத்தரவு பெற்றவர்களுக்கோ செலுத்துகிறேன்" என்பது வழக்கமான வாசகம். மனைவியை அவன் "தாங்கள்" என்று எழுத வேண்டிவரும், வேறு வழியில்லை.

ஒரு விஷயத்தை மட்டும் மறந்துவிடாதீர்கள். மூன்று வருடம் ஆனால் புரோநோட்டு காலாவதியாகிவிடும், பிறகு அது வெறும் காகிதம். அதற்குள் ஏதாவது ஒரு தொகையைச் செலுத்தி, நோட்டின் பின்பக்கத்தில் வரவு வைத்துக் கையெழுத்திட்டால் அன்றிலிருந்து இன்னும் மூன்று வருடம் உயிர் வரும். கடன் வாங்கிய எவனும் அதைத் தானாகச் செய்யமாட்டான். நோட்டு வைத்திருப்பவர்தான் ஆள் மேல் ஆள் அனுப்பிக் கெஞ்சுவார். உங்கள் மிட்டாதார் மூன்றாம் வருடம் முடிய ஒரு நாள் இருக்கும்போது, யாரும் கூப்பிடாமலே, ஐந்து ரூபாயும் மைக்கூடுமாக அவள் கதவருகே வந்து நிற்கட்டும்.