புதுப்பிப்பு: தொலைவில் வாழும் நண்பருக்கு ஊர்ச் செய்தி சொல்வது

ஊரைவிட்டுச் சென்ற நண்பரிடம் துயரச் செய்திகளைச் சொல்லலாமா, மறைக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பலரும் கூறியபடி அவரிடமே கேட்டேன். இறப்புச் செய்தியை எந்த நேரமானாலும் அழைத்துச் சொல்லிவிட வேண்டும் என்றும், பிறர் வழியாகத் தாமதமாக அறிய நேரும்போது தாம் ஊருக்கு அந்நியராகிவிட்டதாகத் தோன்றுகிறது என்றும் அவர் சொன்னது என்னை மிகவும் பாதித்தது. மற்றவற்றைக் குரல்பதிவாக அனுப்புகிறேன். ஓய்வு கிடைக்கும்போது கேட்டுக்கொள்கிறார். பெரிய நிகழ்வுகளைவிட, எந்த வீடு இடிக்கப்பட்டது, எந்த மரம் வெட்டப்பட்டது என்பன போன்ற சிறு மாற்றங்களையே அவர் ஆவலுடன் விசாரிக்கிறார். அவற்றை அவ்வப்போது அறிந்திராவிட்டால், திரும்பி வரும் நாளில் எல்லாம் ஒரே நேரத்தில் மாறியதுபோல் அதிர்ச்சியாக இருக்கும் என்பதால், அந்த ஆவல் மிகவும் நியாயமானது. உறுதிசெய்யப்படாத வதந்திகளை மட்டும் நான் அனுப்புவதில்லை, ஏனெனில் தொலைவில் இருப்பவரால் அவற்றை நேரில் விசாரித்துத் தெளிய முடியாது.