வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்: 'எம்பெடெட் ஓட்டோனமி'

பாலையூற்று:
எல்லாருக்கும் வணக்கம். வெளிவாரிப் பட்டப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் சமூகவியல் எடுக்கிறேன். இந்த அலகு அரசியலுக்கும் பொருளாதாரத்துக்கும் உள்ள உறவு. கைநூல் வெள்ளி காலை அச்சுக்குப் போக வேண்டும். மார்க்ஸ், வெபர், பொலானி எல்லாம் எழுதியாயிற்று. சமூகவியலாளர் பீட்டர் எவன்ஸ் 1995இல் வெளியிட்ட நூலின் தலைப்பில் வந்து முட்டி நிற்கிறேன்: 'எம்பெடெட் ஓட்டோனமி' (Embedded Autonomy). அதற்குத் தமிழில் ஒரு சொல் வேண்டும்.

பிரேசில், இந்தியா, தென்கொரியா மூன்றிலும் கணினித் தொழில் வளர அரசு என்ன செய்தது என்று பார்க்கிறார். அதிகாரிகளுக்குத் தொழிலதிபர்களோடு நெருங்கிய தொடர்பு வேண்டும், இல்லாவிட்டால் களத்தில் நடப்பது தெரியாது. ஆனால் அவர்களுடைய சட்டைப்பைக்குள் போய்விடக் கூடாது. அதற்குத் திறமை பார்த்து ஆளெடுக்கிற, ஒழுங்கான பதவி உயர்வு உள்ள நிருவாகம் வேண்டும். இரண்டும் சேர்ந்த இடத்துக்குக் கொரியாவைக் காட்டுகிறார், மறுமுனைக்குச் சர்வாதிகாரி மொபுட்டுவின் சயரை (இன்றைய கொங்கோ ஜனநாயகக் குடியரசு). இந்தியாவும் பிரேசிலும் நடுவில்.

'உட்பொதிந்த தன்னாட்சி' என்று போட்டிருக்கிறேன். திரும்ப வாசித்தால் எனக்கே விளங்கவில்லை.

நிலாவெளி:
டீச்சர், முதலில் 'தன்னாட்சி'யை எடுத்துவிடுங்கள். திருகோணமலையில் அந்தச் சொல்லைக் கேட்டதும் பிள்ளைகளுக்கு மாகாண சபையும் அதிகாரப் பகிர்வும்தான் ஞாபகம் வரும். அரைமணி நேர வகுப்பு அதிலேயே போய்விடும். இங்கே பேச்சு ஒரு பிரதேசம் தன்னை ஆள்வது பற்றியதல்ல, அரசு முதலாளிக்கு வளையாமல் இருப்பது பற்றியது. 'சுயாதீனம்' போடுங்கள். சுயாதீன ஆணைக்குழு என்று பத்திரிகையில் தினமும் பார்க்கிற சொல்தானே.

உவர்மலை:
'சுயாதீனம்' வடசொல். பிள்ளைகளுக்குப் பழகிய சொல் என்பதற்காக எல்லாவற்றையும் அள்ளிப் போட முடியாது. இன்னொன்று: அரசியல், பொருளாதாரம் என்று இரண்டாக வெட்டிவிட்டு அப்புறம் உறவு தேடுவது மேற்கின் தலையிடி. பரிமேலழகர் வகுப்பில் அரசியல் என்பதே பொருட்பாலின் முதல் இயல். 'இயற்றலும் ஈட்டலும் காத்தலும் காத்த வகுத்தலும் வல்லது அரசு' என்ற 385ஆம் குறளில் வரவு, சேமிப்பு, பாதீடு எல்லாம் அடங்கிவிட்டது. எவன்ஸ் இதைப் பார்த்திருந்தால் இவ்வளவு பெரிய புத்தகம் எழுதியிருக்க மாட்டார்.

மூதூர்:
ஐயா, வடசொல்லையும் எழுத்தை மாற்றி ஏற்கலாம் என்று தொல்காப்பியரே வழிவிட்டிருக்கிறார், 'வடவெழுத்து ஒரீஇ' என்று. அதீனம் என்றால் ஒன்றுக்குக் கட்டுப்பட்டிருப்பது. தனக்குத் தானே கட்டுப்பட்டிருந்தால் சுயாதீனம். சைவ மடங்களின் ஆதீனமும் அதே வேர்தான். அதைத் தமிழில்லை என்று சொல்லி எந்த மடத்து வாசலிலாவது நின்று பாருங்கள்.

உவர்மலை:
மடத்தை இதற்குள் இழுக்க வேண்டாம்.

கிண்ணியா:
சொல்லை விடுங்கள், எனக்கு விஷயம் விளங்கிய விதத்தைச் சொல்கிறேன். எங்கள் கரைக்கு ஒரு கடற்றொழில் பரிசோதகர் வந்துபோவார். விடியச் சாமத்தில் மீன்வாடிக்கு வந்து, கவிழ்த்துப் போட்ட மீன்பெட்டியில் குந்தி, வள்ளமும் வலையும் வைத்திருக்கிற முதலாளியான சம்மாட்டியோடு பிளேன்ரீ குடிப்பார். எந்த வள்ளத்தின் எஞ்சின் பழுது, யார் எவரிடம் முற்பணம் வாங்கிக் கட்டுப்பட்டிருக்கிறார், எல்லாம் அந்த மனுசனுக்குத் தெரியும். ஒருநாள் அதே சம்மாட்டியின் வள்ளத்தில் அனுமதியில்லாத சுருக்குவலை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழும்பிப் போய் வலையைக் கைப்பற்றினார். மறுநாளும் வந்தார். பிளேன்ரீயும் கிடைத்தது, சீனிதான் கொஞ்சம் குறைவு. அவருக்குப் பிறகு வந்தவர் கந்தோரை விட்டு வெளிக்கிடவே இல்லை. அதற்கும் பிறகு வந்தவர் சம்மாட்டி வீட்டுக் கலியாணத்தில் முன்வரிசை.

பாலையூற்று:
நானா, இதை அப்படியே கைநூலில் போடுகிறேன். இனிச் சொல்?

தம்பலகாமம்:
'உட்பொதிந்த' வேண்டவே வேண்டாம். பொதி என்றால் எனக்குச் சோற்றுப் பொதிதான் வரும், இலைக்குள் சும்மா கிடக்கிற ஒன்று. இணையத்தில் காணொளியை ஒட்டுவதற்கும் அதே சொல்லைப் போட்டுவிட்டார்கள். 'தாமரையிலைச் சுயாதீனம்' எப்படி? ஒட்டியும் ஒட்டாமலும்.

நிலாவெளி:
தாமரையிலைத் தண்ணீர் ஒட்டாது என்பதற்குத்தான் உவமை. எவன்ஸ் ஒட்டச் சொல்கிறார். 'தோய்ந்த சுயாதீனம்' என்றால்? பொலானிக்கும் அது பொருந்துகிறது. அவர் 1944இல் சொன்ன எம்பெடெட் கொஞ்சம் வேறு: சந்தைச் சமூகம் வருமுன் பொருளாதாரம் சமூக உறவுகளுக்குள்ளேயே தோய்ந்து கிடந்தது என்பது. 1985இல் சமூகவியலாளர் கிரானோவெட்டர் அதே சொல்லை எடுத்து இன்றைய சந்தையும் ஆட்களின் தொடர்புகளில்தான் தோய்ந்திருக்கிறது என்றார். மூன்று பேருக்கும் ஒரே சொல் இருந்தால் பிள்ளைகளுக்கு நூல் அறுந்து போகாது.

தம்பலகாமம்:
எங்கள் வீட்டில் தோய்க்கிறது எருமைப் பால். சட்டியில் ஊற்றி உறை விட்டுத் தோய்ந்த பிறகு அதை மறுபடி பாலாக்க முடியுமா? தோய்ந்துவிட்டால் சுயாதீனம் எங்கே இருக்கிறது? அந்த முன்வரிசைப் பரிசோதகர்தான் தோய்ந்தவர்.

மூதூர்:
வான்தோய் மலை என்கிறோம். மலை வானமாகிவிட்டதா? சங்கப் பாடல்களில் தோய்தல் தழுவுவதும்தான். தழுவியவர் தானில்லாமல் போவதில்லை. எங்கள் ஊரில் தோய்ந்துவிட்டு வந்தேன் என்றால் குளித்துவிட்டு வந்தேன் என்று அர்த்தம். குளித்தவர் கரையேறித்தானே வருகிறார். (கன்னியா வெந்நீரூற்றுக்குப் போனால் ஏழு கிணற்றிலும் தோய்ந்துவிட்டுத்தான் ஏறுவார், அது வேறு கதை.)

உவர்மலை:
தயிரும் குளிப்பும் போதும். சொல் 691ஆம் குறளிலேயே இருக்கிறது: 'அகலாது அணுகாது தீக்காய்வார் போல்க'. விலகினால் குளிர், கிட்டப் போனால் சூடு. 'அகலா அணுகாமை'. முழுத்தமிழ், இரண்டே சொல். எவன்ஸின் முரணும் அதற்குள் இருக்கிறது.

நிலாவெளி:
ஐயா, அழகாக இருக்கிறது. ஒரு சந்தேகம். அந்தக் குறளில் வேந்தன் தீ, குளிர்காய்கிறவர் அமைச்சர். எவன்ஸில் அரசு குளிர்காய்கிறது, முதலாளி தீயா? அப்படியென்றால் அதிகாரம் யார் பக்கம் என்பதையே மாற்றிவிடுகிறோமே.

உவர்மலை:
பெரும்பாலான நாடுகளில் முதலாளிதான் தீ.

கிண்ணியா:
எங்கள் கரையில் முதல் பரிசோதகர் இருக்கும்வரை அவர் தீ. மூன்றாமவர் வந்ததும் சம்மாட்டி தீ. இரண்டாமவர் காலத்தில் அடுப்பே பற்றவில்லை.

நிலாவெளி:
நானா சொன்னதுதான் என் பயமும். எது தீ என்பது நாட்டுக்கு நாடு, காலத்துக்குக் காலம் மாறுகிறது. அதை ஆராய்வதுதான் பாடம். சொல்லே முன்கூட்டி விடை சொல்லக் கூடாது. அதோடு எவன்ஸ் 'அணுகாதே' என்று எங்கேயும் சொல்லவில்லை, மீன்பெட்டியில் போய்க் குந்தச் சொல்கிறார்.

மூதூர்:
அரசின் நாலு வேடங்களில் ஒன்றுக்கு 'மிட்வைஃப்' என்றும் அவர் பெயர் வைத்திருக்கிறார், புதுத் தொழிலைப் பிறப்பிக்க உதவுவது. அதற்கு 'மருத்துவிச்சி' என்றே போடலாம், யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

உவர்மலை:
'ஈற்றுத்துணை' இருக்கிறது.

மூதூர்:
வந்துவிட்டார்.

பாலையூற்று:
மணி இரவு பத்தரை. அச்சகத்துக்காரர் இரண்டு தரம் எடுத்துவிட்டார். 'தோய்ந்த சுயாதீனம்' என்று போட்டு அனுப்புகிறேன். நாலு பேர் சரி என்கிறீர்கள், அதில் இரண்டு பேர் நித்திரை வந்ததால் சரி என்கிறீர்கள் என்று விளங்குகிறது. மருத்துவிச்சி மருத்துவிச்சியாகவே இருக்கட்டும்.

தம்பலகாமம்:
நான் சரி சொல்லவில்லை. சனிக்கிழமை ஒரு பிள்ளை எழும்பித் தயிரைப் பற்றிக் கேட்டால் என் நம்பரைக் கொடுங்கள்.

உவர்மலை:
என் மறுப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். குறைந்தது 'அகலா அணுகாமை' அடிக்குறிப்பிலாவது வரட்டும், பிள்ளை.

பாலையூற்று:
16 பக்கத்துக்குத்தான் ஐயா காசு கட்டியிருக்கிறோம். கடைசிப் பக்கத்தில் கிண்ணியா நானாவின் பரிசோதகர் இருக்கிறார். அவரை எடுத்தால்தான் இடம் வரும்.

உவர்மலை:
அவர் இருக்கட்டும்.