நின்னாஜி மூல மண்டபம் ஏன் அரண்மனை மாதிரி இருக்கு?

கேள்வி: போன ஏப்ரல்ல கியோட்டோ போனப்போ நின்னாஜி பார்த்தேன். ஜப்பான் அரச குடும்பம் ஷின்டோ (அந்த நாட்டோட சொந்த மதம்) வழின்னுதானே படிச்சோம்? ஆனா இந்தப் புத்த கோயிலோட மூல மண்டபம் முன்னாடி நின்னப்போ இது சன்னதியா, கொலுமண்டபமான்னு குழம்பிட்டேன். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்களேன்.

பதில் 1: குழம்பியதில் தப்பில்லை, அது கொலுமண்டபமேதான்! 1613-ல் கட்டிய அரண்மனையின் ஷிஷின்டென் அது. பெரிய சடங்கெல்லாம் நடந்த இடம். 1468-ல் ஓனின் என்ற உள்நாட்டுப் போரில் நின்னாஜி எரிந்து, நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் தலைதூக்கவில்லை. அப்புறம் மடாதிபதி ககுஷின், 1634-ல் ஷோகுன் (நாட்டை ஆண்ட ராணுவத் தலைவர்) இயெமிட்சுவிடம் உதவி கேட்டார். ககுஷின் யார்? கோயோசெய் பேரரசரின் மகன். அரண்மனையைப் புதுப்பித்தபோது பழைய மண்டபத்தைப் பிரித்து இங்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். கூரை மட்டும் மாறியது: அங்கே மரப்பட்டை, இங்கே ஓடு.

கோயிலைத் தொடங்கியது கோகோ பேரரசர், முடிக்குமுன் காலமானார். மகன் உடா 888-ல் கட்டி முடித்தார். 897-ல் மகனுக்கு அரியணையைக் கொடுத்து, 899-ல் துறவியாகி, பிறகு இங்கேயே வந்து தங்கினார். அவர் தங்கிய அறைதான் ‘ஓமுரோ’. பின்னர் அந்த வட்டாரத்துக்கே அந்தப் பெயர். அதன்பிறகு ஆயிரம் வருஷத்துக்குக் கொஞ்சம் குறைய, பெரும்பாலும் இளவரசர்களே மடாதிபதிகள். என்னைக் கேட்டால் இது பக்தி மட்டுமில்லை. அரசுப் பட்டம் கிடைக்காத பிள்ளைக்கு ஒரு மடத்துப் பட்டம். வாரிசுத் தகராறும் குறையும்.

கடைசி இளவரசர் 1867-ல் துறவைக் கலைத்தார். மறு ஆண்டே ஷோகுன் படைக்கு எதிரான போரில் பேரரசர் தரப்புத் தளபதி! பிற்காலத்தில் கொமாட்சு அகிஹிடோ என்று பெயர்.

பதில் 2: முதல் பதிலோடு ஒன்று சேர்க்கிறேன். ‘அரச குடும்பம் என்றால் ஷின்டோ’ என்று நாம் நினைப்பது 1868-க்குப் பின் வந்த ஏற்பாடு. புத்தத்தையும் ஷின்டோவையும் பிரிக்க அரசே ஆணையிட்டது. அதற்கு முன் பேரரசர்களின் ஈமச்சடங்கைப் பிக்குகள்தான் செய்தார்கள். கியோட்டோவிலேயே சென்யூஜி என்ற புத்த கோயிலுக்குப் போயிருந்தால் புரிந்திருக்கும். 1242-ல் சிறுவயதிலேயே இறந்த ஷிஜோ பேரரசரை அங்கே அடக்கம் செய்தார்கள். 1868-ல் ஆட்சியில் இருந்த மெய்ஜி பேரரசரின் தந்தை கோமெய்க்கும் சமாதி அங்கேதான். இறந்த பேரரசர்களின் பெயர் எழுதிய நினைவுப் பலகைகளை வைத்து இன்றும் வழிபடுகிறார்கள்.

கேள்வி கேட்டவர்: ரொம்ப நன்றி. சென்யூஜி போகாம வந்துட்டேனே! ஒரு சந்தேகம், எங்கப்பாவுக்கு ரத்த அழுத்தம் பார்க்கிற ஓம்ரான் கருவி இந்த ஓமுரோவா?

பதில் 1: அதே ஓமுரோதான். கம்பெனி அந்த வட்டாரத்தில் இருந்ததால் வந்த பெயர். உடா பேரரசர் பெயரைச் சொல்லிக் கையை நீட்டச் சொல்லுங்க.