14 வயது மகனோடு தாய் தங்க இடம் கிடைக்குமா?

வணக்கம். மதுரையில் எங்கள் தெருவில் இருந்த ஓர் அக்கா, கணவரின் அடி தாங்காமல் இரண்டு பிள்ளைகளோடு வெளியே வந்துவிட்டார். பெண்கள் உதவி எண் 181-ஐ அழைத்தோம், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு அனுப்பினார்கள். அதில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அங்கே தங்குவது சில நாட்களுக்குத்தான். அதிலும் மகளைச் சேர்த்துக்கொள்கிறார்கள், 14 வயது மகனை அல்ல. 12 வயதைத் தாண்டிய பையன் குழந்தைகள் நலக் குழு வழியாக வேறு இல்லத்துக்குப் போக வேண்டுமாம். இத்தனை நாள் அம்மாவுக்குக் காவலாக விழித்திருந்த பிள்ளை அவன்!

2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின் 19ஆவது பிரிவுப்படி, கணவர் வேறு வீடு தரவோ வாடகை கொடுக்கவோ நீதித்துறை நடுவர் (மாஜிஸ்திரேட்) உத்தரவிடலாம். அப்படி இடைக்கால உத்தரவு பெற்றவர்கள் இங்கே இருக்கிறீர்களா? இந்தச் சட்டத்தின்படி நியமிக்கப்பட்ட பாதுகாப்பு அலுவலர் மூலம் போனீர்களா, நேரடியாக மனு கொடுத்தீர்களா? மனுவை முதல் விசாரணையிலிருந்து 60 நாட்களில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். உங்களுக்கு உண்மையில் எத்தனை நாள் ஆனது?

அதுவரை மூவரும் சேர்ந்து தங்க இல்லமோ, வாடகைக்கு ஓர் அறையோ தெரிந்தால் சொல்லுங்கள். “வீட்டுக்காரர் எங்கே?” என்று துருவாத உரிமையாளராக இருந்தால் புண்ணியம். முகவரியைப் பொதுவில் போடாமல் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.