உலக வர்த்தக மையம்: இடிபாடு அள்ளுவதில் ஏன் அத்தனை கவனம்?

கேள்வி: நியூயார்க்கில் 2001 செப்டம்பர் 11 தாக்குதலின் இடிபாடுகளை அள்ளி முடிக்க 2002 மே வரை ஆனது. இயந்திரங்கள் இருந்தும் ஏன் அவ்வளவு நாள்? நினைவிடத்தில் பெயர்கள் ஏன் அகரவரிசையில் இல்லை?

பதில் 1: உடல்களைத் தேடிக்கொண்டே அள்ளியது ஒரு காரணம். இன்னொன்று நிலத்தடித் தளங்களைச் சுற்றி நின்ற சுவர். சுமார் 3 அடி தடிமன், 70 அடி ஆழம். ஹட்சன் ஆற்றுப் பக்கத்து நிலத்தடி நீரைத் தடுப்பது அதுதான். அதை உள்ளிருந்து தாங்கிய அந்தத் தளங்கள் நொறுங்கிவிட்டன. பிறகு முட்டுக் கொடுத்தது இடிபாடுதான்! மளமளவென்று அள்ளினால் சுவர் உள்ளே சாயும். தெற்கே லிபர்ட்டி தெருப் பக்கம் சாயவும் தொடங்கியது. மணல் கொட்டி நிறுத்தினார்கள். பிறகு கொஞ்சம் தோண்டு, சுவரைத் துளைத்துச் சாய்வாகப் பாறை வரை எஃகுக் கம்பிவடம் இறக்கு, சிமென்ட் கலவை செலுத்து, வடத்தை இழுத்து இறுக்கு; அதன்பிறகே அடுத்த மட்டம்.

பதில் 2: பெயர்கள் 2,983, அதே மையத்தில் 1993-இல் நடந்த குண்டுவெடிப்பில் இறந்த 6 பேரும் சேர்த்தி. உறவினர், உடன் வேலை செய்தவர்கள் பக்கத்துப் பக்கத்தில் வரும்படி குடும்பங்கள் கேட்டன. ஒரு பெயரை நகர்த்தினால் சுற்றியுள்ளவையும் நகரும், அதனால் கணினி உதவியோடு அடுக்கினார்கள். வெண்கலத் தகட்டில் எழுத்துகளை ஊடுருவ வெட்டியிருப்பதால் இரவில் கீழிருந்து வெளிச்சம் வரும்.

பதில் 3: மரங்களையும் சொல்லுங்கள். நினைவிடச் சதுக்கம் உண்மையில் நிலத்தடிக் கட்டடங்களின் கூரை. ஆள் நடமாட்டத்தில் மண் இறுகினால் வேருக்குக் காற்று போகாது. அதனால் நடைதளத்தின் பாரம் மண்மேல் இறங்காதபடி தாங்கிகளில் நிறுத்தியிருக்கிறார்கள். 400 ஓக் மரங்களுக்கு மேல் அப்படித்தான் நிற்கின்றன.